ஃபிளானல் பெல்ட்டும் உறையூர்த் துணியும்: திருச்சி வெயிலுக்கு என்ன உடுத்துவது?

1/
கத்திரி வெயில் வந்தாச்சு. ஓபி-யில் தினமும் நாலு பேராவது கேட்கிற கேள்வி: "டாக்டர், வெயில்ல வெளிய போகணும், என்ன டிரெஸ் போடறது?" பதில் ஒரு வரிதான். மெல்லிசா, தளர்வா, முடிஞ்சவரை பருத்தியா போடுங்க. இது உங்க பாட்டிக்கே தெரியும். அப்புறம் ஏன் வைகாசிக் கல்யாணத்துல மாப்பிள்ளை கோட் சூட்டோட நிக்கிறார்? அதுக்குப் பதில் சரித்திரத்துல இருக்கு. இழை கொஞ்சம் நீளம். மோர் குடிச்சுக்கிட்டே படிங்க.

2/
முதல்ல உடம்பு எப்படிக் குளிருதுன்னு பார்த்துடுவோம். நம்ம தோலோட வெப்பம் சுமார் 35 டிகிரி செல்சியஸ். வெளிக்காற்று அதைவிடக் குறைவா இருந்தா உடம்புச் சூடு காற்றுக்குப் போகும். திருச்சியில சித்திரை, வைகாசியில 40 டிகிரி சர்வசாதாரணம். அப்போ காற்றுல இருந்து சூடு நமக்குள்ள வரும். மிச்சமிருக்கிற ஒரே வழி வியர்வை.

3/
ஒரு லிட்டர் வியர்வை முழுசா ஆவியானா சுமார் 580 கிலோகலோரி வெப்பம் உடம்பை விட்டுப் போகும். இதுல கவனிக்க வேண்டிய வார்த்தை "ஆவியானா". சொட்டிக் கீழே விழுற வியர்வையால பிரயோஜனம் இல்லை. தண்ணியும் உப்பும்தான் நஷ்டம். ஆக, வெயில் காலத்து உடைக்கு ரெண்டு வேலை: மேல நேரடி வெயில் படாம மறைக்கணும், உள்ளே காற்று நுழைஞ்சு வியர்வையை ஆவியாக்க விடணும். இந்த அளவுகோலைக் கையில வச்சுக்கோங்க. இனி வர்ற ஒவ்வொரு உடையையும் இதை வச்சே பார்க்கலாம்.

4/
திருச்சி டவுன்ல இருந்து பத்து நிமிஷத்துல உறையூர். முற்காலச் சோழர்களோட தலைநகர். கி.பி. முதல் நூற்றாண்டுல, எகிப்துப் பக்கத்துல இருந்து கப்பல்ல வந்து போன கிரேக்க வணிகர் ஒருத்தர் எழுதிய கையேடு இன்னைக்கும் இருக்கு. எரித்ரியக் கடல் பெரிப்ளஸ்னு பேர். எழுதினவர் பேர் தெரியாது. அதுல "அர்காரு"ங்கிற ஊரோட மெல்லிய துணி பத்திக் குறிப்பு வருது. அர்காருன்னா நம்ம உறையூர்தான்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க.

5/
1965-69 காலத்துல சென்னைப் பல்கலைக்கழகம் உறையூர்ல அகழாய்வு செஞ்சப்போ, செங்கல்லால கட்டின சாயத் தொட்டி கிடைச்சது. இதே மாதிரித் தொட்டிகள் புதுச்சேரி பக்கம் அரிக்கமேட்டுலயும் உண்டு. அதாவது இங்கே நூல் நூற்று, நெய்து, சாயம் தோய்ச்சு, கப்பல் ஏற்றி அனுப்பி இருக்காங்க. ரோமாபுரிக்காரர் பிளினி, இந்தியச் சரக்குக்காக வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் நாணயம் வெளியே போகுதுன்னு புலம்பி எழுதி வச்சிருக்கார். அந்தப் பணம் மிளகுக்கும் முத்துக்கும் போன மாதிரி துணிக்கும் வந்திருக்கு.

6/
கரிகாலனைப் பாடின பொருநராற்றுப்படையில, பொருநனுக்குக் கொடுத்த துணியைப் பாம்பு உரிச்ச சட்டையோட ஒப்பிடுறாங்க. அந்த அளவுக்கு மெல்லிசு. இந்தத் துணிக்கு அப்போ ஒரு பேர் "அறுவை". தறியில இருந்து அறுத்து எடுத்ததால அறுவை. சங்கப் புலவர்கள்ல மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார்னு ஒருத்தர் இருக்கார். சர்ஜன் இல்லீங்க, ஜவுளிக்கடைக்காரர்.

7/
அறுத்ததை அப்படியே உடுத்தினாங்க, தைக்கலை. இதுல ஒரு உடலியல் லாபம் இருக்கு. வேட்டி, சேலை, மேல்துண்டு எல்லாம் உடம்பைச் சுத்தி நிற்கும், ஒட்டாது. நடக்கும்போது துணி அசையும். ஒவ்வொரு அசைவுக்கும் சூடான ஈரக் காற்று வெளியே போய்ப் புதுக் காற்று உள்ளே வரும், கொல்லன் துருத்தி மாதிரி. வேட்டியை மடிச்சுக் கட்டுறதும் இறக்கி விடுறதும் நம்ம ரெகுலேட்டர். தோளுல கிடக்கிற துண்டு தலைப்பாகை ஆகும், நனைச்சா ஏர்கூலர் ஆகும், சாயங்காலம் காய்ஞ்சு மறுபடி துண்டு ஆகிடும்.

8/
இனி அடுத்த காட்சி. 1750-கள்ல கர்நாடகப் போர்கள் நடந்தப்போ திருச்சிக் கோட்டைக்காக ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதினாங்க. பிறகு இங்கே பெரிய ராணுவ முகாம் வந்தது. இன்னைக்கும் நாம கன்டோன்மென்ட்னு சொல்ற இடம் அதுதான். அங்கே வந்த சிப்பாய்க்குக் கம்பளியில தைச்ச சிவப்புக் கோட்டு, கழுத்தை இறுக்குற பட்டை, குறுக்க தோல் பெல்ட். லண்டன் குளிருக்கு வெட்டின உடை, மலைக்கோட்டை வெயில்ல. நம்ம அளவுகோல்ல வச்சா ரெண்டு வேலையில ஒண்ணுதான் செய்யும்: வெயிலை மறைக்கும், வியர்வையை விடாது.

9/
திருச்சிக்காரங்க எல்லாருக்கும் பிஷப் ஹீபர் கல்லூரி தெரியும். அந்த ஹீபர் யாரு? ரெஜினால்ட் ஹீபர், கல்கத்தாவோட ஆங்கிலிகன் பிஷப், கவிஞர். 1826 ஏப்ரல் 1-ஆம் தேதி திருச்சிக்கு வந்தார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை புனித ஜான் ஆலயத்துல பிரசங்கம், திடப்படுத்தல் சடங்கு. ஏப்ரல் 3 திங்கட்கிழமை விடிகாலையிலேயே கோட்டைப் பகுதி மிஷன் ஆலயத்துக்குப் போனார். கூடியிருந்த பெருங்கூட்டத்துக்குத் தமிழ்லயே ஆசி சொன்னார்.

10/
பங்களாவுக்குத் திரும்பினவர், உடம்பைக் குளிர வைக்க அங்கே இருந்த குளியல் தொட்டியில இறங்கினார். ரொம்ப நேரமா வெளியே வரலைன்னு வேலைக்காரர் போய்ப் பார்த்தப்போ உயிர் இல்லை. வயசு 42. 43-வது பிறந்தநாளுக்கு இன்னும் 18 நாள்தான் பாக்கி. உடம்பை அதே புனித ஜான் ஆலயத்துலயே அடக்கம் செஞ்சாங்க. வெயில்ல களைச்ச உடம்பு சட்டுனு குளிர்ந்த தண்ணியில இறங்கினதால மூளையில பாதிப்பு ஏற்பட்டு இறந்தார்ங்கிறதுதான் அப்போ பரவலா சொல்லப்பட்ட காரணம்.

11/
கிட்டத்தட்ட 200 வருஷம் கழிச்சு நான் இங்கே உட்கார்ந்து டெத் சர்டிபிகேட் எழுத முடியாது. என் கண்ணை உறுத்துறது வேற. அந்தக் காலத்து அச்சுப்படம் ஒண்ணு இருக்கு. பிஷப் உடம்பைத் தொட்டியில இருந்து ரெண்டு பேர் தூக்கி வர்றாங்க. ஒருத்தர் வேலைக்காரர். இன்னொருத்தர் உதவிக் குருவானவர், நீளக் கோட்டும் உயரத் தொப்பியும் கச்சிதமா போட்டிருக்கார். ஏப்ரல் மாசம், திருச்சி, ஆபத்து நேரம். அப்பவும் ஓவியர் மனசுல ஒரு கனவான் கோட்டு இல்லாம வர முடியலை.

12/
இங்கே ஒரு முக்கியமான இடைச்செருகல். இந்தக் கதையைப் படிச்சுட்டு "வெயில்ல மயங்கினவன் மேல தண்ணி ஊத்தாதே, ஜன்னி வந்துடும்"னு கிளம்பிடாதீங்க. வெயில்ல சுருண்டு விழுந்தவருக்குத் தண்ணி ஊத்திக் குளிர வைக்கிறதுதான் உயிர் காக்கிற சிகிச்சை. நல்லா இருக்கிற ஒருத்தர், குறிப்பா பிரஷர், இதயக் கோளாறு இருக்கிறவர், வெயில்ல இருந்து வந்த உடனே ஆழமான குளிர்ந்த தண்ணியில தனியா இறங்குறது வேற. பத்து நிமிஷம் நிழல்ல உட்கார்ந்துட்டு, முகம் கைகால் நனைச்சுட்டு இறங்குங்க.

13/
சரி, இத்தனை பேர் வெயில்ல அவதிப்பட்டப்போ என் தொழில்காரங்க, அதாவது டாக்டர்கள், என்ன சொன்னாங்க? அதுதான் வேடிக்கை. "ஃபிளானல் போடுங்க"ன்னாங்க. ஃபிளானல்னா கம்பளித் துணி. வெயிலை விட, வியர்வை திடீர்னு குளிர்ந்து உடம்புல "சில்லிப்பு" ஏறுறதுதான் நோய்க்குக் காரணம்னு நம்பினாங்க. கம்பளி வியர்வையை உறிஞ்சிச் சில்லிப்பைத் தடுக்கும்ங்கிறது கணக்கு. உள்ளே கம்பளி, வெளியே கோட்டு.

14/
இதோட உச்சம் "காலரா பெல்ட்". வயித்தைச் சுத்திக் கட்டுற ஃபிளானல் பட்டை. வயிறு குளிர்ந்தா காலரா வரும்னு நம்பி, இந்தியா வந்த பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குக் கட்டி விட்டாங்க. 1854-லேயே லண்டன்ல ஜான் ஸ்நோ காலரா தண்ணி மூலமாத்தான் பரவுதுன்னு காட்டிட்டார். 1884-ல ராபர்ட் கோக் கல்கத்தாவுல இருந்தபடியே கிருமிதான் காரணம்னு அறிவிச்சார். அப்புறமும் பெல்ட் போகலை. 20-ஆம் நூற்றாண்டுலயும் கட்டினாங்க. ஒரு தடவை சீருடைப் பட்டியல்ல ஏறின பொருளை இறக்குறது அவ்வளவு சுலபமில்லை.

15/
அடுத்து இன்னொரு தியரி வந்தது. வெப்பமண்டல வெயில்ல சூட்டைத் தவிர கண்ணுக்குத் தெரியாத கதிர் இருக்கு, அது வெள்ளைக்காரனோட மண்டையையும் முதுகுத்தண்டையும் துளைச்சு நரம்பைக் கெடுக்கும்னு பயம். 1905-ல சார்லஸ் உட்ரஃப்ங்கிற அமெரிக்க ராணுவ டாக்டர் இதைப் பத்திப் புத்தகமே போட்டார். அதனால முதுகுல பஞ்சு வச்ச "ஸ்பைன் பேட்" கட்டிக்கிட்டாங்க. லூயி சாம்போன்ங்கிற டாக்டர் உள்பக்கம் சிவப்பு நூல் ஓடுற "சோலாரோ" துணியைக் கொண்டு வந்தார். சிவப்பு அந்தக் கதிரைத் தடுக்குமாம்.

16/
நல்லவேளை, யாரோ ஒருத்தருக்குச் சோதிச்சுப் பார்க்கத் தோணுச்சு. பிலிப்பைன்ஸ்ல இருந்த அமெரிக்க ராணுவம் 500 சிப்பாய்களுக்கு ஆரஞ்சு-சிவப்பு உள்ளாடை கொடுத்து, சாதாரண உள்ளாடை போட்டவங்களோட ஒப்பிட்டது. 1910-ல அறிக்கை வந்தது. சிவப்பால ஒரு பிரயோஜனமும் இல்லை, போட்டவங்களுக்குச் சூடுதான் கூடுதல். ஒப்பீட்டுக் குழு வச்சு ஒரு உடையைச் சோதிச்ச அருமையான உதாரணம் இது. தியரி எவ்வளவு அழகா இருந்தாலும், போட்டுப் பார்த்தவன் சொல்றதைக் கேட்கணும்.

17/
ஆனா ஒரு விஷயத்துல அவங்களைப் பாராட்டணும்: சோலா தொப்பி. பழைய படங்கள்ல கலெக்டர் துரை போட்டிருப்பாரே, அது. சோலான்னதும் சூரியன்னு நினைக்காதீங்க. அது ஒரு செடி. தமிழ்ல நெட்டின்னு சொல்றோம். நீர்நிலைகள்ல வளரும், தண்டு பஞ்சு மாதிரி லேசா இருக்கும். தஞ்சாவூர்ல பெரிய கோயில் மாதிரி செஞ்சு கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சு விக்கிறாங்களே, அந்த நெட்டிதான். 2020-ல தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது.

18/
நெட்டித் தொப்பி கனமில்லை, சூட்டைக் கடத்தாது, தலைக்கும் தொப்பிக்கும் நடுவுல காற்றோட்டம் உண்டு, விளிம்பு அகலம். நம்ம அளவுகோல்ல ரெண்டு வேலையும் செய்யுது. கிட்டத்தட்ட நம்ம தலைப்பாகை செய்யுற வேலை. பிழைச்சிருக்க வேண்டிய நல்ல ஐடியா. ஆனா காலப்போக்குல அது அதிகாரத்தோட சின்னமாகிடுச்சு. இரண்டாம் உலகப்போரோட ராணுவத்துல வழக்கொழிஞ்சு, சுதந்திரத்தோட ஊர்லயும் காணாம போச்சு. கோட்டு மட்டும் தங்கிடுச்சு. இதுதான் எனக்கு வருத்தம்: வெயிலுக்கு உதவினது போச்சு, வெயிலுக்கு ஆகாதது நின்னுடுச்சு.

19/
ஏன்னா உடைங்கிறது உடம்புக்கு மட்டும் இல்லை, மரியாதைக்கும்தான். இதை எதிர்த் திசையில பயன்படுத்தினவர் காந்தி. 1921 செப்டம்பர் 22, மதுரையில, முழு உடையை விட்டுட்டு அரைமுழத் துணிக்கு மாறினார். காரணம் வெயில் இல்லை, ஏழைகளோட நிலைமை. ஆனா ஒரு விஷயம் ஊருக்கே தெரிஞ்சது: கோட்டு இல்லாமலும் ஒரு மனுஷனுக்கு மரியாதை இருக்கும்.

20/
அப்படியும் முழுசா மாறலை. 2014 ஜூலையில, வேட்டி கட்டி வந்தார்ங்கிறதுக்காகச் சென்னையில ஒரு கிளப் நிகழ்ச்சிக்கு உயர் நீதிமன்ற நீதிபதி ஒருத்தரையே உள்ளே விடலை. அதே வருஷம் தமிழ்நாடு சட்டமன்றம் தனிச் சட்டமே போட்டது. வேட்டி கட்டினவரைப் பொது இடத்துல தடுத்தா ஒரு வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். 40 டிகிரி ஊர்ல, அந்த ஊர் உடையைக் கட்ட சட்டம் தேவைப்பட்டிருக்கு பாருங்க.

21/
வக்கீல்களுக்கு விதியிலேயே ஒரு சலுகை இருக்கு. உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றங்கள் தவிர மத்த கோர்ட்டுகள்ல கோடைக்காலத்துல கறுப்புக் கோட்டு கட்டாயம் இல்லைன்னு பார் கவுன்சில் விதி சொல்லுது. அதே தாராளத்தை நம்ம பள்ளிக்கூடங்களும் காட்டலாம். டை, ஷூ, நைலான் சாக்ஸ், கெட்டி பாலியஸ்டர் கலந்த சட்டைன்னு ஆறு வயசுக் குழந்தையை மத்தியானம் வேன்ல ஏத்தி அனுப்பறோம். பெற்றோர் கூட்டத்துல இதைக் கேளுங்க. கேட்டா மாத்துவாங்க.

22/
பாலியஸ்டர் ஏன் ஆகாது? சாதாரண நிலையில பருத்தி தன் எடையில சுமார் 8% ஈரத்தை உள்ளே வாங்கும். பாலியஸ்டர் 0.4% கூட வாங்காது. அதான் பிசுபிசுப்பு. ஆனா நியாயமா இன்னொண்ணும் சொல்லணும். பருத்தி தொப்பலா நனைஞ்சா சீக்கிரம் காயாது. கிரவுண்டுல ஓடுறவங்களுக்கு மெல்லிய, துளை உள்ள விளையாட்டு ஜெர்சி சரிதான். மத்தபடி நெசவும் தளர்ச்சியும் நூலைவிட முக்கியம். உடம்பைப் பிடிக்கிற கெட்டி ஜீன்ஸும் பருத்திதான், அதுக்காக அது கோடை உடை ஆகிடாது.

23/
"வெள்ளைதானே போடணும் டாக்டர்?" பொதுவா ஆமா. ஆனா 1980-ல நேச்சர் இதழ்ல ஒரு ஆய்வு வந்தது. பாலைவனத்துப் பெதூயின் மக்கள் ஏன் கறுப்பு அங்கி போடறாங்கன்னு பார்த்தாங்க. தளர்வான அங்கியா இருந்தா கறுப்போ வெள்ளையோ தோலுக்கு வர்ற சூடு ஒண்ணுதான். கறுப்பு வாங்கின கூடுதல் சூட்டைத் துணிக்கு அடியில ஓடுற காற்று கொண்டு போயிடுது. இறுக்கமான கறுப்பு டீ-ஷர்ட்டுக்கு இது பொருந்தாது. இன்னொண்ணு: மெல்லிய வெள்ளைப் பருத்தி நனைஞ்சா புற ஊதாக் கதிரை அதிகம் உள்ளே விடும். ரொம்ப நேரம் வெயில்ல நிக்கிறவங்க கொஞ்சம் நெருக்கமான நெசவா, முழுக்கையா போடுங்க.

24/
இதையெல்லாம் எந்த ஜர்னலும் படிக்காம செஞ்சுக்கிட்டு இருக்காங்க நம்ம ஊர் பொம்பளைங்க. லால்குடி, முசிறி பக்கம் நடவுக்கும், நூறு நாள் வேலைக்கும் போறவங்களைப் பாருங்க. சேலைக்கு மேல வீட்டுக்காரரோட பழைய முழுக்கைச் சட்டை, தலையில துண்டு. காந்தி மார்க்கெட்ல மூட்டை தூக்குற அண்ணன்கள் தலைப்பாகையும் அப்படித்தான். பார்த்து ஏளனமா பேசாதீங்க. இந்த இழையில வந்த எல்லா டாக்டர்களையும்விட அவங்க உடை அறிவு பெரிசு.

25/
ஸ்ரீரங்கத்துக்கு வருவோம். நம்பெருமாளுக்கே கோடைத் திருநாள், வசந்த உற்சவம்னு தனித்தனியா உண்டு. துலுக்க நாச்சியார் வரலாற்றை ஒட்டி, திருமஞ்சனத்தின்போது பெருமாளுக்குக் கைலி சாத்துற வழக்கமும் இருக்கு. நம்ம வீட்டுல கைலியைக் கட்டிக்கிட்டு வாசலுக்கு வரக் கூச்சப்படுறோம். ரங்கராஜாவே உடுத்துற உடைங்க அது.

26/
சித்திரைத் தேருக்கும், சமயபுரத்துக்குப் பாதயாத்திரையும் போறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். சர்க்கரை நோய் ரொம்ப வருஷமா இருந்தா பாதத்துல உணர்ச்சி குறைஞ்சிருக்கும். தார் ரோடும் கல்தரையும் சுடுறதே தெரியாது. வீட்டுக்கு வந்து பார்த்தா கொப்புளம், அப்புறம் புண், சில சமயம் விரலையே எடுக்க வேண்டி வரும். கோயில் வாசல் வரைக்கும் செருப்போட போங்க. உள்ளே கெட்டியான பருத்தி சாக்ஸ், தேங்காய்நார் விரிப்பு மேல நடை. விடிகாலையிலயோ பொழுது சாய்ஞ்சோ போங்க. அம்மன் கோவிச்சுக்க மாட்டா.

27/
வெயில் தாக்கினதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? உடம்பு கொதிக்கும், பேச்சு குழறும், சம்பந்தமில்லாம உளறுவார், தள்ளாடுவார், வலிப்பு வரலாம், மயங்கலாம். வியர்வை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். உடனே நிழலுக்குக் கொண்டு போங்க. கோட்டு, பெல்ட், ஷூ, இறுக்கமான உடை எல்லாத்தையும் தளர்த்துங்க. உடம்பு பூரா தண்ணி ஊத்துங்க, விசிறுங்க. 108-க்கு போன் பண்ணுங்க. நினைவு தவறினவர் வாயில தண்ணி, சோடா எதுவும் ஊத்தாதீங்க. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் குளிர வைக்கிறதை நிறுத்தாதீங்க.

28/
சுருக்கமா, வெளியே கிளம்பும்போது:
– தளர்வான மெல்லிய பருத்தி, முழுக்கை
– வெளிர் நிறம்
– தலைக்குத் துண்டு, அகல விளிம்புத் தொப்பி அல்லது குடை
– கால்ல காற்றோட்டமான செருப்பு
– கையில ஒரு பாட்டில் தண்ணி
– ஈரமான உள்ளாடையை மாத்திடுங்க, இல்லைன்னா வேர்க்குருவும் படர்தாமரையும் நிச்சயம்
– காலை 11 முதல் மாலை 4 வரை முடிஞ்சா வெளியே போகாதீங்க

29/
2024 அக்டோபர்ல தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடரா அறிவிச்சது. வெள்ளம், புயல் வரிசையில வெயிலும் சேர்ந்துடுச்சு. பேரிடர்னு வந்த பிறகு உடை அலங்காரம் மட்டும் இல்லை, பாதுகாப்புச் சாதனமும்தான். உங்ககிட்ட நாலு பேர் வேலை செய்யுறாங்கன்னா, வெயில்ல நிக்கிற செக்யூரிட்டி அண்ணனுக்கு அந்த டையும் பூட்ஸும் வேணுமான்னு ஒரு தடவை யோசிங்க. முடிவு உங்க கையில இருக்கு, சூடு அவர் உடம்புல ஏறுது.

30/
உறையூர்ல இன்னும் கைத்தறி ஓடுது. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி கப்பல் ஏறின ஊர்த் துணி, இன்னைக்கு டவுன் பஸ் தூரத்துல கிடைக்குது. இந்தக் கோடைக்கு வீட்டுல பெரியவங்களுக்கு ஒரு பருத்திச் சேலையோ வேட்டியோ வாங்கிக் கொடுங்க. வெயில்ல வேலை பார்க்கிற யாரையாவது தெரியும்னா 27-ஆம் பதிவை மட்டுமாவது அவங்களுக்கு அனுப்பி வைங்க.